சிப்பிக் குஞ்சுக்குத் தீனி: பொரிப்பகத்தில் நுண்பாசி வளர்ப்பது எப்படி?

கடலோரக் கிராமங்களில் சிப்பி வளர்ப்பில் இறங்க நினைக்கும் விவசாயிகள் முதலில் கேட்கும் கேள்வி, 'குஞ்சு எங்கே கிடைக்கும்?' என்பதுதான். குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'குஞ்சுக்குத் தீனி தயாராக இருக்கிறதா?' என்பதே அது.

சிப்பி தவிடு, புண்ணாக்கு தின்னும் உயிரினம் அல்ல. தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை வடிகட்டித் தின்று வாழ்கிறது. கடலில் இந்தத் தீனி இலவசமாகக் கிடைக்கிறது. பொரிப்பகத் தொட்டியில் கிடைக்காது. நோய்க் கிருமிகளும் வேறு உயிரினங்களும் உள்ளே வராமல் இருக்க நாம் கடல்நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் விடுகிறோம். அப்போது கிருமிகளோடு தீனியும் போய்விடுகிறது. அதை நாமே தனியாக வளர்த்துக் கொடுக்க வேண்டும்.

நெல் விவசாயி நாற்று தயாராகாமல் வயலைச் சேறடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. அதுபோலவே, பாசி தயாராகாமல் சிப்பியை முட்டையிட வைக்கக் கூடாது. முட்டை பொரித்து ஒரு நாளிலேயே லார்வா வாய் திறந்துவிடும். அன்று தீனி இல்லை என்றால், லட்சக்கணக்கான லார்வாக்களை நாமே பட்டினி போட்டதாகிவிடும். இரண்டு மூன்று நாள் தீனி தவறினால், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அந்தத் தொகுதி பழைய வேகத்துக்கு வருவது கடினம்.

தூத்துக்குடி காட்டிய வழி

இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1973-ல் தூத்துக்குடி அருகே உள்ள வேப்பலோடையில் முத்துச்சிப்பியிலிருந்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அதற்கு வேண்டிய சிப்பிகளைக் கடலடிப் பார்களில் மூழ்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பார் வற்றிய ஆண்டுகளில் சிப்பியும் கிடையாது. 1981-ல் தூத்துக்குடியில் பொரிப்பகத்திலேயே முத்துச்சிப்பிக் குஞ்சு உற்பத்தி செய்தபோதுதான் இந்தத் தடை விலகியது. அடுத்து உண்ணும் சிப்பிக்கும் இதே முறை வந்தது. இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருந்த முக்கியத் தீனி, 'ஐசோகிரைசிஸ் கால்பானா' என்ற ஒரு நுண்பாசி.

எந்தப் பாசியை வளர்க்கலாம்?

பாசியைத் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை மூன்று. லார்வாவின் வாய்க்குள் போகும் அளவு இருக்க வேண்டும். செரிக்க வேண்டும். சத்து இருக்க வேண்டும்.

* ஐசோகிரைசிஸ்: 4 முதல் 6 மைக்ரான் அளவு. (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) தடித்த மேலோடு இல்லாததால் எளிதில் செரிக்கும். லார்வா வளர்ச்சிக்கு அவசியமான டி.ஹெச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் இதில் நன்றாக உள்ளது. முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம்.
* பாவ்லோவா: இதுவும் ஏறக்குறைய அதே அளவு, அதே குணம். ஐசோகிரைசிஸுடன் சேர்த்தும் கொடுக்கலாம்.
* கீட்டோசெரோஸ்: டயாட்டம் வகைப் பாசி. இ.பி.ஏ. என்ற கொழுப்பு அமிலம் அதிகம். இது வளர சிலிக்கேட் உப்பு கட்டாயம் வேண்டும்.
* டெட்ராசெல்மிஸ்: 10 மைக்ரானுக்கு மேல் இருக்கும். சிறு லார்வாவால் விழுங்க முடியாது. ஒட்டிய குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம்.
* நானோகுளோரோப்சிஸ்: வளர்ப்பது மிகச் சுலபம், பச்சைப் பசேலென்று வரும். ஆனால் மேலோடு தடிப்பு என்பதால் சிப்பி லார்வாவுக்குச் சரியாகச் செரிக்காது. சுலபமாக வளர்கிறதே என்று இதை மட்டும் நம்பக் கூடாது.

ஒரே பாசியைக் கொடுப்பதைவிட ஐசோகிரைசிஸுடன் கீட்டோசெரோஸ் கலந்து கொடுத்தால் வளர்ச்சி நன்றாக இருக்கும். ஒரு பாசி கெட்டுப்போனாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

தாய்ப்பாசியை ஆராய்ச்சி நிலையங்களில் கேட்டுப் பெறலாம். வாங்கி வந்ததும் குறைந்தது இரண்டு பங்காகப் பிரித்து, வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஒரே குடுவையில் வைத்திருந்து அது கெட்டால் தொழில் அன்றே நின்றுவிடும்.

தண்ணீரும் உரமும்

தெளிந்த கடல்நீரை மணல் வடிகட்டியில் விட்டு, பிறகு 1 மைக்ரான் வடிகட்டியில் விட வேண்டும். தாய்ப்பாசிக்கும் சிறு குடுவைகளுக்கும் வடிகட்டியது போதாது. 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து ஆறவைத்த நீரையே பயன்படுத்த வேண்டும்.

20 லிட்டர் கேன் போன்ற பெரிய அளவுக்கு குளோரின் போடலாம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை லிட்டருக்கு அரை மி.லி. வீதம், அதாவது 20 லிட்டருக்கு 10 மி.லி. சேர்த்து இரவு முழுவதும் வைக்கவும். காலையில் சோடியம் தயோசல்பேட் சேர்த்து குளோரினை முறிக்கவும். குளோரின் சோதனைத் திரவத்தில் நிறம் வரவில்லை என்று பார்த்த பிறகே பாசியை ஊற்ற வேண்டும். மூக்கால் முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். மிச்சமிருக்கும் சிறிதளவு குளோரினே பாசியைக் கொன்றுவிடும்.

பயிருக்கு உரம்போல பாசிக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, நுண்ணூட்டம், வைட்டமின் தேவை. பரவலாகப் பயன்படும் 'எஃப்/2' உரக் கலவையின்படி 20 லிட்டர் கடல்நீருக்கு வேண்டியவை:

* சோடியம் நைட்ரேட் – 1.5 கிராம்
* சோடியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் – 0.1 கிராம்
* சோடியம் சிலிக்கேட் – 0.6 கிராம் (கீட்டோசெரோஸுக்கு மட்டும்)
* நுண்ணூட்டக் கரைசல் – 20 மி.லி.
* வைட்டமின் கரைசல் (பி1, பி12, பயோட்டின்) – 10 மி.லி.

தினமும் இவ்வளவு சிறிய எடையை நிறுப்பது சிரமம். ஒவ்வொரு உப்பையும் தனித்தனிப் பாட்டிலில் அடர் கரைசலாகச் செய்து, பெயரும் தேதியும் ஒட்டி வைத்துக்கொண்டால் மி.லி. கணக்கில் அளந்து ஊற்றலாம். எல்லா உப்பையும் ஒரே பாட்டிலில் கலந்தால் அடியில் படிந்துவிடும். வைட்டமின் சூட்டில் கெடும். ஆகவே நீர் ஆறிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும்.

உறை ஊற்றுவது போல

பாலில் உறை ஊற்றித் தயிராக்குவது போலத்தான் பாசி பெருக்குவதும். உறை நன்றாக இருந்தால் தயிர் நன்றாக இருக்கும். உறை குறைந்தால் தயிர் தோயாது, பால் கெடும். பாசியிலும் புதிய நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வளர்ந்த பாசியை ஊற்ற வேண்டும். குறைவாக ஊற்றினால் பாசி பெருகுவதற்குள் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும்.

படிகள் இவை:

1. சோதனைக் குழாயில் உள்ள 20 மி.லி. தாய்ப்பாசியிலிருந்து 250 மி.லி. குடுவைக்கு – 7 முதல் 8 நாள்.
2. 250 மி.லி.யிலிருந்து 3 லிட்டர் குடுவைக்கு – 6 முதல் 7 நாள்.
3. 3 லிட்டரிலிருந்து 20 லிட்டர் கேனுக்கு – 5 முதல் 6 நாள்.

மொத்தம் மூன்று வாரம். டயாட்டம் பாசி இதைவிடச் சீக்கிரம் வளரும். எதிர்பாராத தடங்கலுக்கும் சேர்த்து, முட்டை எடுக்க நினைக்கும் நாளுக்கு 25 நாள் முன்பே முதல் குடுவையைத் தொடங்கிவிட வேண்டும்.

சோதனைக் குழாயில் உள்ளதை முழுவதும் ஊற்றிவிடக் கூடாது. தாய்ப்பாசி வரிசை தனி, பெருக்கும் வரிசை தனி. விதை நெல்லை உணவுக்கு எடுப்பதில்லை அல்லவா?

வெளிச்சம், வெப்பம், காற்று

தாய்ப்பாசியை 23 முதல் 25 டிகிரி வெப்பத்தில், குளிர்சாதன அறையில், மிதமான டியூப்லைட் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சுமார் 1,000 லக்ஸ் போதும். கேன்களுக்கு 5,000 லக்ஸ் அல்லது அதற்கு மேல் வேண்டும். நேர் வெயில் கூடாது. ஐசோகிரைசிஸில் வெப்பம் தாங்கும் ரகம் உண்டு, அது 30 டிகிரி வரை தாங்கும். மே மாதத்தில் ஓட்டுக் கூரையின் கீழ் வைத்த கேன் இந்த அளவைத் தாண்டிவிடும் என்பதை நினைவில் கொள்ளவும்.

காற்றுக் குழாய் கேனின் அடிவரை போக வேண்டும். காற்று மூன்று வேலை செய்கிறது. பாசி அடியில் படியாமல் கலக்குகிறது. எல்லாச் செல்லுக்கும் வெளிச்சம் படச் செய்கிறது. பாசி வளரத் தேவையான கரியமில வாயுவைத் தருகிறது. காற்று வரும் வழியில் நுண் வடிகட்டி பொருத்த வேண்டும். இல்லையென்றால் ஒரு கேனின் நோய் எல்லாக் கேனுக்கும் காற்று வழியாகவே பரவும். மின்தடைக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் பொரிப்பகம் தொடங்கவே கூடாது.

எண்ணிப் பார்த்துத் தீனி போடவும்

நிறத்தைப் பார்த்து 'நன்றாக வந்திருக்கிறது' என்று சொல்வது போதாது. ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் ஹீமோசைட்டோமீட்டர் என்ற கண்ணாடித் தகடு ஒன்றும் சாதாரண மைக்ராஸ்கோப்பும் இருந்தால் செல்களை எண்ணலாம்.

ஐசோகிரைசிஸ் நீந்தும் பாசி. ஆகவே மாதிரியில் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு அசைவை நிறுத்தவும். தகட்டின் நடுவில் உள்ள பெரிய சதுரத்தில், அதாவது 25 சிறு கட்டங்களிலும், இருக்கும் செல்களை எண்ணி 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.யில் உள்ள எண்ணிக்கை கிடைக்கும். நடுச் சதுரத்தில் 100 செல் இருந்தால், மி.லி.க்கு 10 லட்சம் செல் என்று பொருள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

உண்ணும் சிப்பி லார்வாவுக்கு, பொரித்த மறுநாள் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கும்போது, ஒரு நாளைக்கு ஒரு லார்வாவுக்கு சுமார் 3,000 முதல் 4,000 செல் தேவை. வளர வளர இது கூடும். கால் வளர்ந்து ஒட்ட இடம் தேடும் நிலையில் சுமார் 10,000 முதல் 12,000 செல் தேவைப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 லிட்டர் தொட்டியில் மி.லி.க்கு 5 லார்வா இருந்தால் மொத்தம் 50 லட்சம் லார்வா. ஒவ்வொன்றுக்கும் 4,000 செல் என்றால் 2,000 கோடி செல் வேண்டும். மி.லி.க்கு 10 லட்சம் செல் உள்ள பாசியில் ஒரு லிட்டருக்கு 100 கோடி செல் இருக்கும். ஆக, நாளொன்றுக்கு 20 லிட்டர் பாசி தேவை. அதாவது தினமும் ஒரு கேன்.

லார்வா வளரும்போது நெருக்கத்தைக் குறைத்து மி.லி.க்கு 1 அல்லது 2 என்று வைப்போம். ஒன்றரை வீதம் 15 லட்சம் லார்வா, ஒவ்வொன்றுக்கும் 12,000 செல் என்றாலும் 1,800 கோடி செல் வருகிறது. எண்ணிக்கை குறைந்தாலும் தேவை குறையவில்லை.

ஒரு கேன் முதிர 6 நாள் ஆகிறது. தினமும் ஒரு கேன் காலியாகிறது. எனவே எப்போதும் 6 கேன்கள் வெவ்வேறு வயதில் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். கெட்டுப்போவதற்கு ஈடாக ஒன்றிரண்டு கூடுதலாக வேண்டும். தினமும் ஒன்றை எடுத்து ஒன்றைத் தொடங்க வேண்டும். ஒரே நாளில் எல்லாக் கேனையும் தொடங்கிவிட்டால், ஒரு நாள் பாசி வழியும், மறுவாரம் ஒரு சொட்டும் இருக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

தீனியைத் தண்ணீர் மாற்றிய பிறகு, காலை மாலை என இரண்டாகப் பிரித்துக் கொடுக்கவும். லார்வாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வயிற்றுப் பகுதியில் பழுப்பு நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சாப்பிடவில்லை என்று பொருள். தண்ணீரில் பாசி மிச்சமிருந்தால் அடுத்த வேளை குறைத்துக் கொடுக்கவும். அதிகமாகக் கொட்டினால் அது அழுகி, பாக்டீரியா பெருகி, லார்வாவையே கொல்லும்.

பாசி கெடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாசி முதலில் மெதுவாக வளரும், பிறகு வேகமாகப் பெருகும், பிறகு நின்று, கடைசியில் மடியும். வேகமாகப் பெருகும் பருவத்திலேயே அறுவடை செய்ய வேண்டும். அப்போதுதான் சத்தும் அதிகம், கிருமியும் குறைவு. முற்றிய பாசி பார்ப்பதற்கு அடர்த்தியாக இருக்கும், ஆனால் தீனிக்கு ஆகாது.

கீழ்க்கண்ட அறிகுறிகள் தெரிந்தால் அந்தக் கேனை லார்வாவுக்குக் கொடுக்க வேண்டாம்:

* பொன் பழுப்பாக இருக்க வேண்டிய ஐசோகிரைசிஸ் பச்சையாக மாறுவது அல்லது வெளிறிப்போவது
* அடியில் திட்டுத் திட்டாகப் படிவது
* மேலே நுரை கட்டி நிற்பது
* அழுகல் வாடை
* மைக்ராஸ்கோப்பில் பாசியைத் தின்றபடி வேகமாக ஓடும் ஒரு செல் உயிரிகள் தெரிவது
* கார அமில அளவு 9-க்கு மேல் போவது

கெட்ட கேனைக் காப்பாற்ற முயல வேண்டாம். குளோரின் ஊற்றிக் கொன்று, கொட்டிக் கழுவவும். அதிலிருந்து அடுத்த கேனுக்கு உறை எடுக்கவே கூடாது. '20 லிட்டர் வீணாகிறதே' என்று தயங்கினால் 50 லட்சம் லார்வா போய்விடும்.

வேலை செய்யும் வரிசையும் முக்கியம். காலையில் குளித்துக் கை கழுவி முதலில் தாய்ப்பாசி அறை, பிறகு கேன்கள், கடைசியில் லார்வாத் தொட்டி. லார்வாத் தொட்டியைத் தொட்ட கையோடு தாய்ப்பாசி அறைக்குத் திரும்பக் கூடாது. வாளி, குழாய், வடிவலை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஒட்டிய குஞ்சுகளை நெடுநாள் வைத்திருக்காதீர்கள்

எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு, மூன்று வாரங்களில் உண்ணும் சிப்பி லார்வா ஒட்ட ஆரம்பிக்கும். இதற்குப் பிறகு தீனித் தேவை மளமளவென்று ஏறும். ஒட்டிய குஞ்சு ஒரு கிராம் எடைக்கு வாரம் 0.4 கிராம் உலர்ந்த பாசி என்பது பொரிப்பகங்களில் பின்பற்றும் கணக்கு. ஒரு கிலோ குஞ்சுக்கு வாரம் 400 கிராம். கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் மி.லி.க்கு 20 லட்சம் செல் உள்ள நல்ல ஐசோகிரைசிஸில் 400 கிராம் உலர் பாசி கிடைக்க சுமார் 10,000 லிட்டர் வேண்டும்!

ஆகவே இந்தப் பருவத்துக்குத் திறந்தவெளித் தொட்டிகளில் மலிவான உரத்தில் பாசி வளர்க்கிறார்கள். ஒரு டன் கடல்நீருக்கு அமோனியம் சல்பேட் 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 15 கிராம், யூரியா 5 கிராம் என்பது வழக்கத்தில் உள்ள ஒரு அளவு. இந்தப் பாசியை ஒட்டிய குஞ்சுக்கு மட்டும் கொடுக்கவும். மிச்சமுள்ள அமோனியா சிறு லார்வாவுக்கு ஆகாது.

அதைவிட நல்ல வழி, குஞ்சு கையாளும் அளவுக்கு வந்ததும் நண்டும் மீனும் கடிக்காதபடி வலைப்பெட்டியில் வைத்துக் கழிமுகத்துக்கோ அமைதியான கடல் பகுதிக்கோ மாற்றிவிடுவது. அங்கே கடலே தீனி போடும்.

இறால் பொரிப்பகத்திலும் இதே கதைதான்

இறால் குஞ்சு முதலில் 'நாப்ளி' பருவத்தில் தன் கருவில் உள்ள சத்தைக் கொண்டே வாழும். அடுத்த 'சோயியா' பருவத்தில்தான் வாய் திறக்கும். அப்போது அதற்குத் தேவை கீட்டோசெரோஸ், ஸ்கெலட்டோனிமா, தலாசியோசிரா போன்ற டயாட்டம் பாசிகள். அங்கேயும் நாப்ளி வந்து இறங்கும் முன் பாசி தயாராக இருக்க வேண்டும் என்பதே விதி.

ஈஸ்ட், பாசிப் பொடி, பாசிப் பசை ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். குளிரில் வைத்த பாசிப் பசை அவசரத்துக்கு உதவும், ஒரு பங்கு தீனியாகவும் கொடுக்கலாம். ஆனால் சிப்பி லார்வாவுக்கு உயிருள்ள பாசியின் இடத்தை முழுவதும் நிரப்பும் தீனி அவற்றில் எதுவும் இல்லை.

குஞ்சு வாங்குபவர்கள் கவனத்துக்கு

எல்லோரும் பொரிப்பகம் வைக்க முடியாது, தேவையும் இல்லை. சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முன்பணம் கொடுக்கும் முன் பொரிப்பகத்துக்கு நேரில் சென்று பாசி அறையைக் காட்டச் சொல்லுங்கள். கேன்கள் வெவ்வேறு வயதில் வரிசையாக இருக்கின்றனவா? தேதி எழுதி ஒட்டியிருக்கிறார்களா? தாய்ப்பாசி இரண்டு இடத்தில் இருக்கிறதா? மைக்ராஸ்கோப் தினமும் பயன்படுகிறதா, தூசி படிந்திருக்கிறதா? இவற்றைப் பார்த்தாலே சொன்ன தேதியில் குஞ்சு கிடைக்குமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிப்பி வளர்ப்புக்கு 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா திட்டத்தில் மானியம் உண்டு. மானியம், பதிவு விவரங்களுக்கு மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தையும், பயிற்சிக்கு தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். பயிற்சிக்குப் போகும்போது சிப்பித் தொட்டியைப் பார்ப்பதற்கு முன் பாசி அறையில் ஒரு வாரம் வேலை பழகுங்கள். அங்கே கை பழகிவிட்டால் மற்றவை எளிது.